வழக்குச் சொத்து

எண்ணூற்றுப் பதினான்கு செடிகள்,
பதினொரு பெட்டிகள்.
எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.
கிளம்பும்போது சார்ஜென்ட் லிங்க்ஸ் சொன்னார்:
செத்தாலும் தூக்கிப் போடாதே, கத்ரீனா.
செத்ததும் சாட்சிதான்.

ஸ்ப்ரிங்போக்குக்கு வெளியே இந்தக் கொட்டகை.
நிழல்வலை, தட்டுகள், ஒரு தராசு.
சட்டைப் பொத்தான் அளவுச் செடிகள்,
வெள்ளைக் கல் நடுவே கல்லாக உட்கார்ந்து
ஆட்டை ஏமாற்றுகிறவை.
சில என்னைவிட மூத்தவை.

மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது.
இலையில் தங்கும் மாவுப்பூச்சி அசட்டுப் பூச்சி,
கெட்டிக்காரப் பூச்சி வேருக்குப் போய்விடும்.
தட்டினால் மண் உதிரும்,
இடுக்கில் யாரோ சிந்திய முகப்பவுடர்.
எனக்கு முன்னால் எறும்புக்குத் தெரியும்.
எந்தத் தொட்டிக்குள் வரிசை இறங்குகிறதோ
அங்கே நான் முழங்காலிடுகிறேன்.

காது குடையும் பஞ்சுக்குச்சி. ஸ்பிரிட்.
தொட்டதும் வெள்ளை கரைந்து
வெளிர்சிவப்பாய் ஒரு புள்ளி.
அதற்குக் கால்கள் உண்டு.
முதல் வாரம் எண்ணினேன்,
பிறகு விட்டுவிட்டேன்.
கறுத்த வேரை நறுக்கு,
நிழலில் நாலு நாள் வெறுமனே கிடத்து,
புது மணல், புதுத் தொட்டி,
தண்ணீர் கிடையாது.
கோடையில் தூங்கும் சாதி இது.
பழைய தோலைக் காகிதமாக்கிப் போர்த்திக்கொள்ளும்.
பூச்சி கொன்றதைவிட
இரக்கப்பட்டு ஊற்றியவர்கள் கொன்றது அதிகம்.

ஏழாவது பெட்டி
குழந்தை டயபர் பெட்டி, மூன்றாம் அளவு.
மூலையில் கிழிசல்,
கிழிசல்மேல் பச்சை டேப்.

அந்த டேப்பை ஒட்டியது நான்.
கடை வாசலில் வண்டியில் ஏற்றும்போது கிழிந்தது.
தம்பி மகளுக்கு அப்போது ஐந்து மாதம்.

செம்புச் சுரங்கம் மூடியபின் டென்வருக்கு வேலையில்லை.
மலைப்பக்கம் போய்வந்தேன் என்பான்,
காலணியில் வெள்ளைக்கல் தூசி.
நான் கேட்டதில்லை.
செடிக்கு இருபது ராண்ட் தருவார்களாம்.
கடல் தாண்டி யாருடைய மேஜையிலோ
ஒரு கிண்ணத்துக்குள் உட்கார.

அந்தப் பெட்டியில்தான் பூச்சி அதிகம்.
மலையில் இதற்கு இந்தப் பூச்சி கிடையாது.
எங்கோ வாரக்கணக்கில் வைத்திருக்கிறார்கள்,
ஈரமான இடத்தில், வீட்டுச் செடிகளுக்குப் பக்கத்தில்.
எங்கே என்று எனக்குத் தெரியும்.
அம்மாவின் ஜெரேனியம் தொட்டிகளில்
இதே வெள்ளையைப் போன கிறிஸ்துமஸில்
நான் பார்த்துவிட்டு
பிறகு துடைக்கலாம் என்று வந்துவிட்டேன்.

தொற்றிய அட்டையும் காகிதமும் எரிக்கப்படவேண்டும்.
இது விதி, நான்காம் பக்கம்,
எழுதியவள் நானே.
எரித்தேன்.
டேப் மட்டும் எரியாமல் சுருண்டு
பச்சைப் புழுவாகக் கிடந்தது கொஞ்ச நேரம்.

ஏழாம் பெட்டி எங்கே என்றார் லிங்க்ஸ்.
பூச்சி என்றேன்.
எழுதிக்கொண்டார்.
ஒரு சொல்கூடப் பொய் இல்லை அதில்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பின்
அம்மாவின் தொட்டியைக் கவிழ்த்தேன்.
டென்வர் குழந்தையை இடுப்பில் வைத்தபடி
என்னக்கா தேடுற என்றான்.
வேரைக் காட்டினேன்.
பார்த்தான்.
என் கையைப் பார்த்தான், ஸ்பிரிட்டில் தோல் உரிந்த விரல்களை.
குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனான்,
வெகுநேரம் வரவில்லை.
வந்தபோது கையில் பஞ்சு.

நாங்கள் பேசவில்லை.
பதினாறு தொட்டிகள்,
இருட்டும் வரை.

திங்கட்கிழமைக் குறிப்பேடு:
பெட்டி ஏழு, எழுபத்தொன்றில் உயிருள்ளவை இருபத்தாறு.
காரணம் என்ற கட்டத்தில்
மாவுப்பூச்சி என்று எழுதிவிட்டு
பேனாவை மூடாமல் வைத்திருந்தேன்.

ஸ்பிரிட் முட்டைகளை ஒன்றும் செய்யாது.
பத்து நாள் கழித்து
எல்லாவற்றையும் மறுபடி
பிடுங்கிப் பார்க்கவேண்டும்.